அகலக் கறுப்புக் கரை

எங்கள் வீட்டில் யார் பேருக்குக் கடிதம் வந்தாலும் அதைத் திறப்பவர் என் அண்ணன் ஹோரஸ் டஃப்னெல். தபால் பை பூட்டியே வரும். சாவி அவருடைய கடிகாரச் சங்கிலியில் தொங்கும். காலை எட்டரைக்கு ஜெபம் முடிந்து, வறுத்த ஆட்டுச் சிறுநீரகத்தில் பாதியை உள்ளே தள்ளி, மீசையைத் துடைத்துக்கொண்டு, அரசாங்கத்தையே திறந்து வைக்கிறவர் மாதிரி அந்தப் பையைத் திறப்பார். பிறகு ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். சமையற்காரிக்கு அவள் அம்மா எழுதிய கடிதத்தைக்கூடப் படித்து, அதிலுள்ள பிழைகளைத் திருத்திச் சொல்லிவிட்டுத்தான் கீழே அனுப்புவார்.

பதில் எழுதுவது மட்டும் நான். ஒன்பது வருஷமாக நான். அப்பா இறந்து, அவர் வூஸ்டரில் கையுறை விற்றுச் சேர்த்த வீட்டுக்கு அண்ணன் எஜமானரான நாளிலிருந்து நான்தான். அண்ணன் பேரில் அத்தைக்கு, அண்ணி லெட்டீஷியா பேரில் அவளுடைய சிநேகிதிகளுக்கு, பிறந்தநாளுக்கு, பல்வலிக்கு, அனுப்பிய ஜாமுக்கு நன்றி என்று, அனுப்பாத ஜாமை நினைவுபடுத்தி. எல்லாவற்றையும் நான் எழுத, கடைசியில் "ஹோரஸ்" என்று கையெழுத்தையும் நானே போடுவேன். சொந்தபந்தம் முழுக்க "ஹோரஸ் பேனா எடுத்தால் முத்து முத்தாக வரும்" என்று பேச்சு. இதில் வேடிக்கை என்னவென்றால் அண்ணனும் அதை நம்பிவிட்டார். "போன வாரம் கத்பர்ட்டுக்கு எழுதினேனே, படிச்சியா? எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்று என்னிடமே சொல்வார்.

இந்தக் கதைக்கு வேண்டிய இன்னொரு சாமான், அகலக் கறுப்புக் கரை போட்ட கடிதத் தாள். சாவு விழுந்த வீட்டில் அதில்தான் கடிதம் எழுதுவோம்; துக்கம் பெரிசானால் கரையும் அகலம்.

போன வருஷம் ஆம்ப்ரோஸ் சித்தப்பா இறந்தார். உயிரோடு இருந்தவரை அவரை இந்த வீட்டில் யாருக்கும் பிடிக்காது. ஆனால் பிள்ளைகுட்டி இல்லாதவர், சொத்துக்காரர். செய்தி வந்த அன்றே அண்ணன் கடைக்காரரை வரவழைத்து, இருப்பதிலேயே அகலமான கரை போட்ட தாளும் உறையும் கறுப்பு அரக்கும் கட்டுக் கட்டாக வாங்கினார். கட்டைவிரல் அகலக் கரை. பெற்ற தகப்பனுக்குக்கூட அதில் பாதிதான் போட்டோம். மூன்றாம் வாரம் உயிலைப் பிரித்தார்கள். சொத்து முழுவதும் சித்தப்பாவின் வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாளுக்கு. அன்று மாலையே அண்ணனுடைய துக்கம் மெலிந்து, கரையும் நூல் மாதிரி ஆகிவிட்டது. மிச்சமான அகலக் கரைத் தாளெல்லாம் அவருடைய படிப்பறை மேசை இழுப்பறையில் கிடந்தது. வீட்டுக்கான நல்ல வெள்ளைத் தாளை நான் துணி அலமாரியில் கம்பளிகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். வெளியே வைத்தால் அண்ணி சலவைக் கணக்கு எழுதிவிடுவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா டார்க்கஸ் ஸ்கார்பரோவில் இருக்கிறாள். நாங்கள் நான்கு பேர். அவள்தான் மூத்தவள், அண்ணனுக்கும் இரண்டு வயது மூத்தவள். அவளுக்கு அடுத்து அண்ணன், பிறகு செல்டன்ஹாமில் கட்டிக்கொடுத்த ஜார்ஜியானா, கடைசியில் கல்யாணமாகாமல் வீட்டோடு நின்றுவிட்ட கெசையா, அதாவது நான். டார்க்கஸின் புருஷன் பள்ளிக்கூட வாத்தியார், காய்ச்சலில் போய்விட்டார். அக்கா சிக்கனக்காரி. தாள் முழுக்க நேராக எழுதி முடித்ததும், தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக இன்னொரு பக்கம் எழுதுவாள். பார்ப்பதற்குக் கம்பி வலை மாதிரி இருக்கும்.

அண்ணனுக்குக் கிட்டப் பார்வை மங்கி வருஷம் நாலாகிறது. கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதாக ஊர் நினைக்குமாம். அதனால் நேர் வரிகளைத் தட்டித் தடவிப் படித்துவிட்டு, "குறுக்கே எழுதினது எல்லாம் பொம்பளைங்க சமாசாரம்" என்று தாளை என் பக்கம் தள்ளிவிடுவார். நானும் அக்காவும் அதைப் பிடித்துக்கொண்டோம். நேர் வரிகளில் மழையும் மீன் விலையும் பாதிரியாரின் இருமலும் இருக்கும். குறுக்கு வரிகளில் எங்கள் உயிர் இருக்கும். நாலு வருஷமாக அவருடைய முகவாய்க்கட்டைக்குக் கீழேயே அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாளும் அவருக்குத் தும்மல்கூட வரவில்லை.

பிப்ரவரியில் குறுக்கு வரிகளில் இப்படி வந்தது: "கடலைப் பார்த்த வீடு ஒன்று பேசிவிட்டேன். பன்னிரண்டு பெண்கள் தங்கிப் படிக்கலாம். கணக்கும் தையலும் நான், பிரெஞ்சும் இலக்கணமும் நீ. மார்ச் இருபத்தைந்தில் சாவி கைக்கு வரும். அதற்குள் உன் பதில் வராவிட்டால் மிஸ் ட்ரிம்பிளைத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வாய் நாறும். யோசித்துச் சொல்."

நான் மூன்று வாரம் யோசித்தேன். அதற்காக இன்றைக்கும் என்னை நானே மெச்சிக்கொள்ள மாட்டேன். முப்பத்தாறு வயது. பிறர் பேரில் எழுதி எழுதி, என் பேரில் ஒரு வரி எழுதக் கை வரவில்லை. பயந்தேன் என்பதுதான் உண்மை. நான் பதிலே போடாமல் இருந்ததால் அக்கா மறுபடியும் எழுதினாள். அந்தக் கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. வருகிறேன் என்று அன்றைக்கே எழுதிவிடுவது என்று காலையில் எழுந்தபோதே நான் முடிவு செய்திருந்தேன். அண்ணனோ அதற்கு முந்தின நாள்தான் பர்மிங்ஹாம் போய்த் தங்க விளிம்பில் மூக்குக்கண்ணாடி வாங்கி வந்திருந்தார். யாரோ ஒரு பிரபு அதே மாதிரி போட்டிருக்கிறாராம். அதனால் வயது தெரியாதாம்.

நேர் வரிகள் முடிந்தன. வழக்கம்போலத் தாளுக்காகக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. தாளைத் திருப்பினார்.

"இப்ப எல்லாம் பளிச்சுனு தெரியுது, லெட்டீஷியா. கேளு. 'அந்தப் பூசணிக்காய் உன்னை விடுமா என்று பயந்துதானே பதில் எழுதாமல் இருக்கிறாய்?'"

"பூசணிக்காயா? யாருங்க அது?" என்றாள் அண்ணி.

"தோட்டத்துல ஏதோ போட்டிருப்பா. கேளு. 'காலையில் அது தபால் பையைத் திறக்கிற அழகை ஒரு படமாக எழுதி என் பள்ளிக்கூடத்தில் மாட்டலாம்.'"

அதற்குப் பிறகும் அவருக்கு உறைக்கவில்லை. இன்னும் ஒரு வரி படித்தார். அதில் "ஹோரஸ்" என்ற பேரே இருந்தது. காது மடலிலிருந்து கழுத்து வரை சிவப்பு இறங்கியது. மீதியை மனசுக்குள் படித்தார். பள்ளிக்கூடம், பிரெஞ்சு, மார்ச் இருபத்தைந்து, எல்லாம் அதில் இருந்தது.

"இந்த வீட்டுல உனக்கு என்ன குறை வச்சோம்?" என்றார்.

"குறை ஒண்ணுமில்லண்ணா. எனக்குப் போகணும்."

"போயி? கூலிக்குப் பாடம் சொல்லித் தரப் போறியா? டஃப்னெல் வீட்டுப் பொண்ணு?"

அண்ணிக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. "ஐயோ, இவ போயிட்டா லெட்டர் எல்லாம் யாருங்க எழுதுறது?"

அப்பா விற்றது கையுறை. அண்ணன் விற்றது அதையும் இல்லை. வாடகை வாங்கித் தின்கிறார். ஆனாலும் குலப்பெருமை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. என் மைக்கூட்டையும் பேனாவையும் தபால் தலைகளையும் எடுத்துப் பூட்டினார். வாசலைத் தாண்டினால் திரும்பி வர வேண்டாம் என்றார். "இதுக்கு நானே பதில் எழுதுறேன். உன் உதவி தேவையில்ல. பேனா புடிக்க எனக்குத் தெரியாதா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அண்ணன் மூன்று நாள் படிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பேனா சரியில்லை, மை சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று வேலைக்காரி பெட்சியை விரட்டியடித்தார். தாள் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. என்னிடம் கேட்பது கௌரவக் குறைவு. செவ்வாய்க்கிழமை மத்தியானம், சட்டைக் கையெல்லாம் மையாக வெளியே வந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, தெருக்கோடித் தபால் பெட்டிவரை தாமே நடந்து போனார். அவருடைய ஆயுளில் முதல் தடவை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கை அவருடைய கோட்டுப் பைக்குள் போகிறது என்று தெரிந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். நான் மேலே போய் அண்ணியின் காலுறை தைத்தேன்.

புதன் போயிற்று. வியாழன் போயிற்று. அக்கா இந்நேரம் மிஸ் ட்ரிம்பிளுக்குச் சொல்லி அனுப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பையைத் திறந்ததும் அண்ணனின் புருவம் உயர்ந்தது. மூன்று கடிதங்கள். மூன்றும் கறுப்புக் கரை.

"யாரோ போயிட்டாங்க," என்றார், சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு. சாவுச் செய்தி வாசிப்பதில் அவருக்குத் தனி ருசி. அதற்கென்றே தொண்டையில் ஒரு குரல் வைத்திருக்கிறார். முதல் கடிதம் பாத் நகரத்துப் பிலிப்பா அத்தையுடையது. "'என் அருமை ஹோரஸ், நம் குடும்பத்தின் பேரிழப்பை இன்று காலை அறிந்தேன்...' பேரிழப்பாம். யாரா இருக்கும்? '...நம் கெசையா போய்விட்டாள் என்பதை என் மனம் நம்ப மறுக்கிறது.'"

நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது.

அண்ணன் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம்மைக் கேட்காமல் செத்துப்போனவளைப் பார்க்கிற பார்வை. அண்ணி மெல்ல என் பக்கம் குனிந்து, "கெசையா, உனக்கு உடம்புக்கு ஏதாவது...?" என்றாள். அந்தக் குடும்பத்தின் மூளைக்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தேவையில்லை.

"படிங்கண்ணா. நல்லா உரக்கப் படிங்க," என்றேன்.

பழக்க தோஷம், படித்தார். அத்தைக்கு நான் கையில்லாத குளிர்ச் சட்டை ஒன்று பின்னிக்கொண்டிருந்தேன். "முதுகுப் பக்கம் முடிந்துவிட்டது என்று போன மாதம் எழுதியிருந்தாள். முன்பக்கமும் முடிந்திருந்தால் பிரேதப் பெட்டியில் தவறி வைத்துவிடாமல் எனக்கு அனுப்பவும்." எரிகிற வீட்டில் பிடுங்கின மட்டும் லாபம்.

இரண்டாவது, ஹெரஃபோர்டில் பாதிரியாராக இருக்கும் பெரியப்பா மகன் கத்பர்ட். நாலு பக்கம் பரலோகம். பரலோகத்தில் அழுகையும் இல்லை, பல் கடிப்பும் இல்லை. ஐந்தாம் பக்கத்தில்: "என் ஈஸ்டர் பிரசங்கத்தை நல்ல கையெழுத்தில் எடுத்தெழுதித் தருவதாகக் கெசையா சொல்லியிருந்தாள். அது எந்த மட்டில் நிற்கிறது?"

மூன்றாவது, என் கூடப்பிறந்த ஜார்ஜியானா. இதை அண்ணன் இரண்டு வரி படித்துவிட்டு நிறுத்தினார். நான் அவர் கையிலிருந்து வாங்கி நானே படித்தேன். ஒன்பது வருஷத்தில் அந்த மேசையில் நான் வாய்விட்டுப் படித்த முதல் கடிதம் அதுதான்.

"அழுது அழுது தலைவலி. ஆனால் அண்ணா, மே மாதம் என் பெண் லூயிசாவுக்குக் கல்யாணம். உடன்பிறந்தவளுக்கு ஆறு மாதம் கறுப்பு உடுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கெசையா ஒரு நாளும் தன்னைப் பெரிசாக நினைத்துக்கொண்டவள் இல்லையே! அவளை ஒரு ஒன்றுவிட்ட சகோதரியாக வைத்துக்கொண்டு ஆறு வாரத்தோடு முடித்துக்கொண்டால் யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். நீ சரி என்று ஒரு வரி எழுது. இனி உன் கடிதங்களை யார் எழுதிக் கொடுப்பார்கள் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது."

ஆக, அவளுக்குத் தெரியும்! யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேதான் "ஹோரஸின் பேனா" என்று ஒன்பது வருஷம் புகழ்ந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஏதோ ஒரு சாப்பாட்டை வாயில் வைத்து, கெட்டுப்போனது என்று தெரிந்ததும் துப்புவோமே, அந்த மாதிரி ஒன்றுதான் வந்தது. மூன்று கடிதத்தில் ஒருவருக்காவது நான் எப்படிச் செத்தேன் என்று கேட்கத் தோன்றவில்லை.

"இது எல்லாம் டார்க்கஸ் வேலை!" என்று மேசையைத் தட்டினார் அண்ணன். "நான் எழுதினது ஒண்ணு, அவ..."

வாசல் மணி அடித்தது. கூடத்தில் பெட்சி கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல், உடைந்து போய், ஆனால் அதே குரல்.

"எங்க வச்சிருக்கீங்க?"

"யாரை மேடம்?"

"என் தங்கச்சிய."

"சாப்பாட்டு ரூம்ல இருக்காங்க மேடம்."

"சாப்பாட்டு ரூம்லயா! இந்த வீட்டுல அவளைக் கிடத்த வேற இடமே கிடைக்கலையா?"

அக்கா கதவைத் தள்ளித் திறந்தாள். தலை முதல் கால்வரை கறுப்பு. முகத்திரையை மேலே தூக்கியிருந்தாள். கண்ணிரண்டும் வீங்கியிருந்தன. கையில் ஒரு சின்ன மலர் வளையம், ரயிலில் நசுங்கிப்போய். எங்கள் ஊர் வழக்கத்தில் பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை. வீட்டில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு கடிதம்தான் எழுதுவார்கள். இவள் டெர்பி ரயில் நிலையத்துப் பெஞ்சில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்து வந்திருக்கிறாள். நான் தேநீர்க் குடுவையோடு நின்றேன்.

அவள் கத்தவில்லை, மயங்கி விழவில்லை. நேரே வந்து என் கன்னத்தைத் தொட்டாள். சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் இன்னொரு தடவை தொட்டாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து, "அடிப் பாவி, அடிப் பாவி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். என் ஆயுளில் எனக்காக ஒருத்தி அழுதது அன்றுதான். குடுவையைக் கீழே வைக்கத் தோன்றாமல் நானும் அழுதேன். தேநீர் விரிப்பெல்லாம் ஓடியது. அண்ணி விரிப்பைப் பார்த்து "அச்சச்சோ" என்றாள்.

"அக்கா, இது என்ன கூத்து?" என்று எழுந்தார் அண்ணன். "இவ செத்துட்டான்னு யாரு சொன்னது உனக்கு?"

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையைத் திறந்து ஓர் உறையை எடுத்து, வெண்ணெய்க் கிண்ணத்தின் மேல் சாய்த்து நிறுத்தினாள். கட்டைவிரல் அகலக் கரை. கறுப்பு அரக்கு.

"நீதான்டா."

"நானா?"

"உக்காரு. எல்லாருடைய கடுதாசியும் நீ படிப்பியே, இன்னைக்கு உன் கடுதாசிய நான் படிக்கிறேன்." அவருடைய தொண்டைக் குரலிலேயே ஆரம்பித்தாள். "'மதிப்புக்குரிய சகோதரிக்கு, கனத்த இதயத்துடன் எழுதுகிறேன். நம் கெசையா இனி உன்னிடம் வர மாட்டாள். சனிக்கிழமை காலை உணவு மேசையில் எல்லாம் முடிந்துவிட்டது. முதலில் சற்றே போராடினாள். பின்னர் தேவ சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து அமைதியானாள். இனி அவளுடைய இடம் எங்கள் குடும்பத்துக்கு உரிய மண்ணிலேதான். அவளுக்கு இனிக் கடிதம் எழுதிப் பயனில்லை. நாங்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டுவிட்டோம். நீயும் அவ்வாறே செய்வாயாக.'"

அக்கா தாளை மடித்தாள். பிறகு அண்ணி, "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள், மனசாரத்தான்.

"ஸ்கூலுக்கு வர மாட்டான்னு எழுதினேன்!" என்றார் அண்ணன். "வேற எப்படிக் கண்ணியமா எழுதுறதாம்? தாளு... தாளு இழுப்பறையில இருந்துச்சு."

"தாளை விடு. அரக்கை விடு. உன் முட்டாள்தனம் எனக்குத் தெரியாதா? அதுக்காக மட்டும் நம்பியிருக்க மாட்டேன்டா," என்றாள் அக்கா. "கையெழுத்தப் பாத்தேன். கோழி கிளறின மாதிரி. ஒன்பது வருஷத்துல நீ ஒரு வரி எழுதினதில்ல. இவ உசிரோட இருந்தா நீ எதுக்குடா பேனாவைத் தொடப் போற? அதைப் பாத்துத்தான் முடிவு பண்ணினேன், என் தங்கச்சி போயிட்டான்னு. நீ எழுத மாட்டேன்னு தெரியுமே, அதான் மத்தவங்களுக்கும் நானே சொல்லி அனுப்பினேன்."

பெட்சி கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தங்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு, உலகமே பழையபடி சரியாகிவிட்டது மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. இந்த மூணுக்கும் இன்னைக்கே பதில் போகணும். ஊர் சிரிக்கக் கூடாது. கெசையா, உக்காரு."

"என்னன்னு எழுதட்டும்?"

"நீ சாகலைன்னுதான். கொஞ்சம் கண்ணியமா எழுது."

"யார் பேருல?"

"இதென்ன கேள்வி? என் பேருலதான். எப்பவும் போல."

நான் அக்காவைப் பார்த்தேன். "மிஸ் ட்ரிம்பிள்?"

"இன்னும் சொல்லல. சொல்ல மனசு வரல," என்றாள். "ரெண்டு பத்துக்கு ஒரு ரயில் இருக்கு."

பெட்டியில் வைக்க என்னிடம் அதிகம் எதுவும் இல்லை. பெட்சி அரைமணியில் கட்டிவிட்டாள். அந்த அரைமணியில் நான் அண்ணனுடைய படிப்பறையில், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, இழுப்பறையிலிருந்த அகலக் கரைத் தாளிலேயே, ஒன்பது வருஷப் பழக்கத்தில் முத்து முத்தாக மூன்று கடிதம் எழுதினேன். அத்தைக்கு, முன்பக்கம் இனி முடியாது என்று. கத்பர்ட்டுக்கு, பிரசங்கத்தை அவரே எடுத்தெழுதினால் அதைக் கேட்கிறவர்கள் படும் பாடு அவருக்கும் புரியும் என்று. ஜார்ஜியானாவுக்கு எழுதியது மட்டும் முழுசாக நினைவிருக்கிறது:

"அன்புத் தங்கை ஜார்ஜியானாவுக்கு, உன் ஆறுதலுக்கு நன்றி. கெசையா எங்களை விட்டுப் போனது உண்மைதான். ஆறு வாரம்கூட வேண்டாம். அவள் உனக்கு ஒன்றுவிட்டவள்கூட இல்லை. இனி என்னிடமிருந்து வரும் கடிதங்கள் வேறு கையெழுத்தில், பிழைகளோடு இருக்கும். பொறுத்துக்கொள். முன்பு வந்தவை எதுவும் நான் எழுதியவை அல்ல. உன் அண்ணன், ஹோரஸ்."

கறுப்பு அரக்கை உருக்கி ஊற்றி, அவருடைய முத்திரையையே அழுத்தினேன்.

கீழே வந்தபோது அண்ணன் கூடத்தில் நின்றிருந்தார். வாசலை மறிக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது; அக்கா பக்கத்தில் நின்றதால் யோசனையோடு நிறுத்திக்கொண்டார். "படிச்சுக் காட்டு," என்றார்.

"எதுக்குண்ணா? எப்பவுமே நீங்க எழுதினதை நீங்க படிச்சதில்லையே."

"அப்ப நீ நிஜமாவே போறியா?" என்றாள் அண்ணி. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு நொடி எனக்கே இளகிவிட்டது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கு நம்ம சர்ச் டீன் மனைவிக்கு நன்றி எழுதணுமே," என்றாள். நான் தொப்பிக் கயிற்றை முடிந்துகொண்டேன்.

கடிதங்களை ரயில் நிலையத்துத் தபால் பெட்டியில் போட்டேன். அக்கா தலை முதல் கால்வரை கறுப்பில், கையில் நசுங்கின மலர் வளையத்தோடு உட்கார்ந்திருந்ததால், எங்கள் ரயில் பெட்டியில் யாரும் ஏறவில்லை. டெர்பி வரை காலை நீட்டிக்கொண்டு போனோம். வளையத்தைத் தூக்கி எறிய அவளுக்கு மனசு வரவில்லை. இப்போதும் பள்ளிக்கூடத்து வகுப்பறையில், வரைபடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் பரிசு என்று சொல்கிறோம்.

மே மாதம் ஒரு கடிதம் வந்தது. டார்க்கஸ் பேருக்கு. கோழி கிளறின கையெழுத்து. கட்டைவிரல் அகலக் கறுப்புக் கரை. அக்கா அதைக் காலைச் சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். இரண்டே வரி.

"வெள்ளைத் தாள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று கெசையாவிடம் கேட்டுச் சொல்லவும். இந்தத் தாளில் எழுதி இதுவரை நான்கு வீட்டில் அழுதுவிட்டார்கள்."

"என்னடி எழுதட்டும்?" என்றாள் அக்கா.

கம்பளிகளுக்குப் பின்னால் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒன்பது வருஷப் பழக்கம், அவ்வளவு சுலபத்தில் விடாது. வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணும் எழுத வேண்டாம். செத்தவகிட்ட எப்படிக்கா கேட்ப?"